அறுநூற்றுப் பன்னிரண்டு குச்சிகளுக்கு ஒரு ‘ம்’

அந்த நாற்றுப்பண்ணையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை யாரும் உபயோகித்ததில்லை. மேனேஜர் முதல் வாசல் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவள் சுவிச்சக்காதான். ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்தால் அவளுக்கு அடிவயிறு எரியும். அவசரமாக எங்கேயாவது போய்க்கொண்டிருந்தாலும் நின்று, திரும்பி, உள்ளே போய், டப்பென்று அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை கழிப்பறைக்குள் இருந்த லாரி டிரைவரை இருட்டில் சுவரைத் தடவ விட்டுவிட்டாள். அவர் உள்ளேயிருந்து கூச்சல் போட, இவள் வெளியே நின்றுகொண்டு, “உள்ள இருக்கீங்கன்னா ஒரு குரல் குடுக்கக் கூடாதா?” என்று அவரையே திட்டினாள். பாவம், அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். பேட்டரி மாற்றுவது.

பண்ணையில் ஒன்பது கண்ணாடி வீடுகள். தக்காளி, கத்தரி, குடைமிளகாய் நாற்றுகள் தட்டுத் தட்டாக மேசைகளில் நிற்கும். கடைசி வீட்டில் ரோஜா. ஒவ்வொரு மேசையிலும் ஈர மண்ணுக்குள் பேனா நீளத்தில் குச்சிகள் செருகியிருக்கும். குச்சியின் தலையில் வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குள் இரண்டு பேட்டரி. மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று குச்சி பார்த்து, கம்பி எதுவும் இல்லாமல், ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு, அந்த மேசைக்கு மேலே இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறக்கும், போதுமென்றால் மூடும். வாளி தூக்க ஆள் வேண்டாம். இப்படி மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு குச்சிகள். பொருத்திய கம்பெனிக்காரர்கள், ஒரு ஜோடி பேட்டரி இரண்டு வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து வாரம் தாங்கியது. அந்த இரண்டு வருஷத்துக்கும் இந்த ஐந்து வாரத்துக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில்தான் சுவிச்சக்கா நான்கு வருஷமாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை எட்டு மணிக்கு ஸ்டோர் ரூமைத் திறப்பாள். பெட்டிக்குப் பக்கத்திலுள்ள சின்னத் திரையில் அன்றைக்கு எந்தெந்தக் குச்சிக்குச் சார்ஜ் தீரப்போகிறது என்று பட்டியல் வரும். சாதாரண நாளில் பதினைந்து, இருபது. திங்கட்கிழமை என்றால் முப்பத்தைந்து, நாற்பது. ஞாயிறு லீவில் சேர்ந்துபோனது என்று அவளே ஒரு காரணம் வைத்திருந்தாள். ஏப்ரன் பையில் பேட்டரிகளைப் போட்டுக்கொண்டு கிளம்பி, கட்டைவிரல் நகத்தால் தொப்பியைத் திறந்து, பழையதை எடுத்து, புதியதைப் போட்டு, பொத்தானை அமுக்கிப் பிடிப்பாள். உள்ளே ஒரு சின்ன விளக்கு மூன்று முறை சிமிட்ட வேண்டும். மூன்றாவது சிமிட்டலுக்கு முன் கையை எடுத்துவிட்டால் அந்தக் குச்சிக்குப் பெட்டி யாரென்றே தெரியாது, ஊமையாகிவிடும். ஒருமுறை அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். அவசரக்காரர் ஒருவர் மாற்று ஆளாக வந்து, நாற்பது குச்சிகளை ஊமையாக்கிவிட்டுப் போனார். ஊமைக் குச்சியை வறண்ட மண் என்று நினைத்துக்கொள்கிற பெட்டி, தண்ணீரைக் கொட்டு கொட்டென்று கொட்டியது. முந்நூறு தட்டு குடைமிளகாய் அழுகிப் போனது. அதிலிருந்து சுவிச்சக்கா லீவு என்று வாயைத் திறந்தாலே மேனேஜருக்கு முகம் வெளுத்துவிடும்.

கழற்றிய பேட்டரிகளை அவள் தூக்கிப் போடுகிறவளா? குச்சிக்குப் பற்றாத பேட்டரியில் சுவர்க் கடிகாரம் மாதக்கணக்கில் ஓடும். வீட்டுக்கு எடுத்துப் போய்த் தெருவுக்கே விநியோகம் செய்தாள். அந்தத் தெருவில் பதினேழு வீட்டுக் கடிகாரங்கள் அவள் தயவில் ஓடின. அவள் வீட்டுக் கூடத்தில் ஓடிய கடிகாரத்துக்குத் தனி மரியாதை. இரண்டு வருஷத்துக்கு முன், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் சிறந்த ஊழியர் என்று மேனேஜர் மேடையில் வைத்துக் கொடுத்த பரிசு அது.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஏழு மணிநேர ரயில் பயணத்தில் இருக்கும் ஊரில் மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். ஒரே மகள், முதல் பிரசவம். டாக்டர் குறித்த தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது. “நீ பக்கத்துல இருந்தா போதும்மா, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று தினமும் போனில் சொல்கிறாள். போயே ஆக வேண்டும். இருபத்தொரு நாள் லீவு வேண்டும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. நாற்பது வயது, சாந்தமான ஆள், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அழுகிய குடைமிளகாய் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு ஆள் போடுவதற்கும் தைரியம் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி சொன்னார். ஒரு முழு வாரம், திங்கள் முதல் சனி வரை, எந்த நாளும் பட்டியலில் மூன்று குச்சிக்கு மேல் வரக் கூடாது. அப்படிக் காட்டிவிட்டால் பண்ணை அவளில்லாமல் தாங்கும் என்று அவர் நம்பத் தயார், அந்தச் சனிக்கிழமையே லீவில் கையெழுத்துப் போடுவார். இருபது வருகிற இடத்தில் மூன்று. சுவிச்சக்கா சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துதான் யோசித்தாள், எதற்குச் சரி என்று சொன்னோம் என்று.

சும்மா இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகும் நெட்வொர்க்கு சாரைப் போன் போட்டு வரவழைத்தாள். தொப்பையும் மடிக்கணினியுமாக, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, எப்போதும் காலை பத்து மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுகிற மனிதர். பேட்டரி ஏன் தீர்கிறது என்று கேட்டால் நான்கு வருஷமாக ஒரே பதில் வைத்திருந்தார்: கண்ணாடி வீட்டுப் புழுக்கம். தினமும் மதியம் ஒரு மணிநேரம் குச்சிகளிடமிருந்து தகவலே வருவதில்லை, அது உச்சி வெயிலால் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. பண்ணைக்கு லீவு, குழாய்கள் அன்றைக்குக் கடிகாரக் கணக்கில் திறந்துகொள்ளும், பிறகென்ன என்று விட்டுவிட்டார்.

குச்சிகள் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பேசுகின்றன என்று அவள் கேட்டாள். நிமிஷத்துக்கு ஒருமுறை என்றார்.

“மண்ணு என்ன சார், நிமிஷத்துக்கு நிமிஷம் காயுதா? காலைல தண்ணி விட்டா மத்தியானம் வரைக்கும் ஈரமாத்தானே இருக்கு. கால் மணிக்கு ஒருதரம் பேசினா வாய் வலிக்குமா அதுக்கு?”

அவர் மடிக்கணினியைத் திறந்து, ஒன்றைப் பதினைந்தாக மாற்றினார். இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதை மறைக்கவோ என்னவோ, குச்சி எப்படிப் பேசும் என்று விளக்க ஆரம்பித்தார். குச்சி சொல்ல வேண்டியதைச் சொல்லும். பெட்டி ‘ம்’ என்று பதில் தரும். அந்த ‘ம்’ காதில் விழுந்ததும் குச்சி தூங்கிவிடும். தூக்கத்தில் செலவே கிடையாது. பதில் வராவிட்டால் என்ன செய்யும் என்று அவள் கேட்டாள். திரும்பச் சொல்லும், இன்னும் பலமாகச் சொல்லும், பெட்டியைத் தேடும், அதற்குத்தான் பேட்டரி அதிகம் பிடிக்கும் என்றார். பெட்டிதான் எப்போதும் இருக்கிறதே, அந்தப் பேச்சு எதற்கு என்று தானே முடித்தும் கொண்டார். சுவிச்சக்கா தலையாட்டினாள். அவள் கண் முழுக்க, வெளிச்சமான அறையில் அவர் போட்டு வைத்திருந்த மேசை விளக்கின் மேல் இருந்தது.

முதல் வாரம் இருபது, பதினேழு ஆனது. இரண்டாவது வாரம் பதினாறு. அத்தோடு நின்றுவிட்டது. திங்கட்கிழமை வழக்கம்போல் முப்பத்தாறு. தேதிக்கு மூன்று வாரம்தான் மீதி. பொறுக்க மாட்டாமல் அவள் தன் பங்குக்குச் சிக்கனத்தை இன்னும் இறுக்கினாள். ஏற்கெனவே மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது ஸ்டோர் ரூமின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவாள். மின்விசிறி, விளக்கு, சுவரில் பச்சை பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி எல்லாம் ஒரே இழுப்பில் அணைந்துவிடும். சனிக்கிழமை மாலை இறக்கினால் திங்கள் காலைதான் ஏற்றுவாள். மற்ற நாட்களில் இரவு ஷிப்டு ஆட்கள் அங்கே வந்துபோவதால் மாலையில் இறக்க முடியாது. சுவிட்சுக்கு மேலே, ‘வெளியே போகும்போது மறக்காமல் அணைக்கவும்’ என்று அவள் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதம் நான்கு வருஷத்தில் மஞ்சளாகியிருந்தது. இப்போது டீக்குப் போகும்போதும் இறக்க ஆரம்பித்தாள். காலை டீ, மாலை டீ. கரண்ட் மிச்சமானால் பேட்டரியும் மிச்சமாகும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. எது மிச்சமானாலும் நல்லதுதானே.

அந்த வாரம் பட்டியல் இருபத்தைந்தைத் தொட்டது. பிறகு இருபத்தெட்டு.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் தையல்காரர், வாசல் அறையிலேயே மெஷின். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். முப்பது வருஷக் குடும்பத்தில் அவள் அழுது அவர் பார்த்தது இரண்டோ மூன்றோ தடவைதான். வேலையை விட்டுவிடு என்றார். இரண்டு பேரின் வருமானத்தில் ஓடுகிற வீடு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், அதையும் அவள் குடித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மனது சரியில்லாத அவசரத்தில் போனை ஸ்டோர் ரூம் அலமாரியிலேயே வைத்துவிட்டு, சுவிட்சை இறக்கி, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து சுவிட்சை ஏற்றிவிட்டுப் போனை எடுத்தால், இருபத்துமூன்று அழைப்பு. எல்லாம் மகள். இவள் திரும்பக் கூப்பிட்டால் மகள் போன் அணைந்து கிடக்கிறது. மருமகன் போன் எடுக்கப்படவில்லை. இன்னும் பதினாறு நாள் இருக்கிறதே, அதற்குள் வலி வந்துவிட்டதா? உர மூட்டை மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அந்தக் கால் மணிநேரத்தை அவள் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். கடைசியில் தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மகள்தான், பக்கத்து வீட்டுக்காரர் போனில்.

“அம்மா, குழந்தைத் துணியெல்லாம் எந்த சோப்புல துவைக்கணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.”

“இதுக்காடி இருபத்துமூணு தடவை? எனக்கு உயிரே போயிடுச்சு.”

“நீ எடுக்கலையே. முதல் தடவை சோப்புக்குத்தான் கூப்பிட்டேன். எடுக்கலைன்னதும் எங்கயாவது வழுக்கி விழுந்துட்டியோ, என்னாச்சோன்னு பயம். திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்குத் தலையே வலிக்குது, போன்ல சார்ஜும் மொத்தமா போச்சு. ஒரே ஒரு தடவை எடுத்து ‘ம்’னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் படுத்துத் தூங்கியிருப்பேன்.”

சுவிச்சக்காவின் கண் சுவரில் இருந்த பெட்டிக்குப் போனது. சுவிட்சை ஏற்றி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்து மெயின் சுவிட்சுக்கு, அங்கிருந்து மஞ்சள் காகிதத்துக்கு. நெட்வொர்க்கு சார் சொன்னது மண்டையில் சுரீரென்று உறைத்தது. தினமும் ஒரு மணிநேரம். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கித் திங்கட்கிழமை காலை வரை. இந்த வாரம் டீக்கு வேறு. அவள் டப்பென்று அணைத்துவிட்டு ஆசுவாசமாகச் சாப்பிடப் போன நேரமெல்லாம், ஒன்பது கண்ணாடி வீட்டிலும் அறுநூற்றுப் பன்னிரண்டு குச்சிகளும் தொண்டைத் தண்ணீர் வற்ற அவளுடைய பெட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஞாயிறு லீவு. குச்சிகளுக்கு அன்றைக்குத்தான் உயிர் போகிற வேலை. காலையில் வந்து, ஐயோ தீர்ந்துவிட்டதே என்று அவளே பேட்டரி மாற்றியிருக்கிறாள். நான்கு வருஷமாகச் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அம்மா? இருக்கியா?”

“ம்” என்றாள். “இருக்கேன்டா கண்ணு. சாதாரண சோப்பே போதும்.”

அன்றிலிருந்து பெட்டியை அணைக்கவில்லை. சொல்வதற்குச் சுலபம். சனிக்கிழமை மாலை அந்த அறையைப் பூட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், கதவிடுக்கில் தெரிந்த பச்சை வெளிச்சத்தைப் பார்த்து மூன்று தடவை திரும்பி வந்தாள். கை சுவிட்சுக்காகத் துடித்தது. காவல்காரர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஞாயிறு முழுக்க வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆளில்லாத அறையில் ஒரு பெட்டி எரிந்துகொண்டிருக்கிறது, நினைத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திரையைப் பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டுதான் போனாள். முப்பத்தாறு வர வேண்டிய இடத்தில் இரண்டு. திரை கெட்டுவிட்டதோ என்று ஒருமுறை தட்டிக்கூடப் பார்த்தாள். செவ்வாய் மூன்று. புதன் ஒன்று. வியாழன் மறுபடி ஒன்று. வெள்ளிக்கிழமை பட்டியலே வரவில்லை. பேட்டரி நிரம்பிய ஏப்ரன் பையைத் தட்டிக்கொண்டு, செய்ய வேலையில்லாமல் ஒன்பது வீடுகளையும் சுற்றினாள். நான்கு வருஷத்தில் முதல் முறையாகக் குச்சியைப் பார்க்காமல் செடியைப் பார்த்தாள். ரோஜா வீட்டில் மொட்டுகள் கட்டியிருந்தன. அவை எப்போது வந்தன என்று அவளுக்குத் தெரியாது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தக்காளி மேசைகளுக்கு நடுவில் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். கண்ணாடி வீட்டில் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? வெளியே இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் விஷயத்தை உடைத்தாள். அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

“ஜெயிச்சாச்சு. நாளைக்குக் கையெழுத்து போட்டுடுவார். பேசாம ரயில் ஏறு. நீதான் காரணம்னு சொன்னா லீவும் போகும், வேலையும் போகும். பேட்டரி தீராத பண்ணைக்குப் பேட்டரி மாத்துற ஆள் எதுக்குன்னு கேக்க மாட்டாரா?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளும் பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தாள்.

சனிக்கிழமை பட்டியலில் ஒரே ஒரு குச்சி. மாற்றிவிட்டு வந்தாள். அவளில்லாத நாட்களில் ஸ்டோர் ரூம் சாவியை வைத்துக்கொள்ளப் பேக்கிங் அறையில் வேலை செய்யும் பெண் வந்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, மஞ்சள் காகிதத்தைப் பயபக்தியோடு பார்த்து, “நீங்க கவலைப்படாம போங்கக்கா. உங்கள மாதிரியே ஒண்ணு விடாம அணைச்சிடறேன்” என்றாள். சுவிச்சக்காவுக்குப் பகீரென்றது. பெட்டியை மட்டும் அணைக்காதே என்று ரகசியமாகச் சொல்லி அனுப்பிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். மனதுக்குள் ஒரு முள் குத்த ஆரம்பித்திருந்தது.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். லீவுக் காகிதத்தை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே பேசினார். போன வாரம் கம்பெனிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினாராம். நான்கு வருஷமாக வேலை தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறீர்கள், அவரை மாற்றுங்கள் என்று. உடனே எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தீர்களா, இந்த நெட்வொர்க்குக்காரர் வேண்டுமென்றே அலட்சியமாக இருந்திருக்கிறார், திங்கட்கிழமை அவரை அனுப்பிவிட்டு வேறு ஆள் போடுகிறார்களாம் என்றார்.

தொப்பையும் மடிக்கணினியுமாக வேர்த்துக் கொட்டிக்கொண்டு வருகிற அந்த மனிதர் அவள் கண் முன்னால் வந்து நின்றார். பேனா காகிதத்தைத் தொடப் போனது.

“சார், கையெழுத்து போடாதீங்க. அவர் மேல தப்பில்ல. பேட்டரிய எல்லாம் தின்னது நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு நேரம், டீ நேரம், சனி மாலை, ஞாயிறு, மகளின் இருபத்துமூன்று அழைப்பு, ஒன்று விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, கையிலிருந்த பையிலிருந்து கூடத்துக் கடிகாரத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். காலையில் எதற்கு அதைக் கழற்றிக்கொண்டு வந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. மனது முன்பே முடிவு செய்திருக்கிறது, வாய்க்குத்தான் தெரியவில்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். போனை எடுத்து நெட்வொர்க்கு சாரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஈனக் குரலில், “உச்சி வெயில்னு நாலு வருஷமா ரிப்போர்ட் எழுதியிருக்கேனேக்கா” என்றார். கணக்குப் போட்டும் சொன்னார். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பெட்டியை அணைத்து அணைத்து அவள் மிச்சம் பிடித்த மின்சாரம், பண்ணையின் டீ கெட்டில் ஒரு வாரம் கொதிப்பதற்குச் சரியாக இருக்கும். அதற்குச் செலவானது வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேட்டரி.

மேனேஜரின் தோள் குலுங்கியது. கோபத்தில் என்று அவள் நினைத்தாள். இல்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், போனுக்குள் இருந்தவரும் சிரிக்க ஆரம்பித்தார், கடைசியில் இவளுக்கும் தாங்க முடியவில்லை.

“இந்தப் பரிசக் குடுத்தப்போ மேடையில என்ன பேசினேன், ஞாபகம் இருக்காக்கா? எல்லாரும் சுவிச்சக்கா மாதிரி இருக்கணும்னேன். நல்லவேளை, ஒருத்தரும் கேக்கல.”

“சார், என் வேலை...”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேற்று ரோஜா வீட்டில் அவள் மொட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் தான் கவனித்ததாகவும், அங்கே பொறுமையான கை ஒன்று இரண்டு வருஷமாகத் தேவைப்படுவதாகவும், மூன்றாவது சிமிட்டல் வரைக்கும் காத்திருக்கத் தெரிந்தவளை விட்டால் வேறு யாரிடம் கொடுப்பது என்றும் கேட்டார். கம்பெனிக்கு அன்றைக்கே இன்னொரு கடிதம் போகும், நெட்வொர்க்கு சார் எங்கும் போக மாட்டார். லீவுக் காகிதத்தில் இருபத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் சுவிட்சுக்கு மேலே இருந்த மஞ்சள் காகிதத்தைக் கிழித்து, அதே கையெழுத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினாள்: ‘விளக்கை அணை. மின்விசிறியை அணை. பெட்டியைத் தொட்டால் கையை உடைப்பேன்.’

டாக்டர் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பேத்தி வந்துவிட்டாள். மூன்று கிலோ, தலை நிறைய முடி, பாட்டி மாதிரியே மூக்கு மேல் கோபம். வலி எடுத்தபோது மகள் பிடித்துக்கொண்ட கையில் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. அதை யாராவது பார்க்க மாட்டார்களா என்று சுவிச்சக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக்கொண்டே நடந்தாள்.

பத்தாவது நாள் மதியம். மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் யாரும் இல்லை, அலமாரி மேல் வைஃபை பெட்டி மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. சுவிச்சக்காவின் கை தன்பாட்டுக்கு நீண்டு, சுவிட்சுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. கையை எடுத்துக்கொண்டாள். விட்டதற்குப் பழி வாங்குவதுபோலப் போய்க் குளியலறை விளக்கை அணைத்தாள். போனில் இரண்டு செய்தி வந்திருந்தது. மேனேஜர் அனுப்பியது: இன்றும் பட்டியல் காலி. கணவர் அனுப்பியது: தெருவில் மூன்று வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது, பேட்டரி எப்போது வரும் என்று எல்லாரும் கேட்கிறார்கள், என்ன சொல்வது.

இனிமேல் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பதில் எழுதிவிட்டு, அடுப்படியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். உள்ளே குழந்தை முனகியது. ஒரு நொடி பொறுத்து, இன்னும் பலமாக அழுதது. அடுத்தது அதைவிடப் பலமாக. கை முழுக்க சோப்பு நுரை. மகள் எழுந்துவிடப் போகிறாள்.

“ம்” என்றாள் சுவிச்சக்கா, இருந்த இடத்திலிருந்தே. “இருக்கேன்டா தங்கம். இங்கதான் இருக்கேன்.”

அழுகை நின்றது. அவள் நிதானமாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, தாயும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.